கரிசல் மண்ணின் இசைக் கருவூலம்: எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர்

எட்டயபுரம் என்றவுடன் தமிழ் பயில்வோர் நெஞ்சில் இரு பெயர்கள் எழும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் ஒருவர். மகாகவி பாரதியார் மற்றவர். முன்னவர் அடக்கமாகியிருப்பது அவ்வூரில். பின்னவர் 1882இல் பிறந்தது அவ்வூரில். இவ்விருவரையும் அறிந்த அளவுக்கு அவ்வூரின் மூன்றாம் பெருமகனாரை நம் மாணவர் அறிந்திருக்கவில்லை. அவர் பெயர் சுப்பராம தீட்சிதர். தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்கு இடமில்லை. இசை வரலாற்றிலோ அவரின்றி ஓர் அதிகாரமே எழுதவியலாது. தமிழ்த்துறை மலரில் இசைவாணர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவாரும் உளர். இயலும் இசையும் நாடகமும் ஒருசேரத் தமிழ் என்று கொண்டது நம் மரபு என்பதையே அவர்க்கு விடையாகக் கூறி மேற்செல்வோம்.

கோவில்பட்டிக்குத் தெற்கே கடம்பூர், கிழக்கே எட்டயபுரம். இரண்டும் ஒரே கரிசல் விரிப்பின் மேல் அமைந்த பழைய பாளையப்பட்டுகள். பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நோக்கியிருக்கும் பூமி. ஆறு பாயாத இந்நிலத்திற்குக் காவிரிக் கரையின் செல்வமான சங்கீதம் வந்து சேர்ந்த வரலாறு சுவையானது.

திருவாரூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதருக்கு மக்கள் மூவர். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்படுபவர். அடுத்தவர் சின்னசாமி. இளையவர் பாலுசாமி தீட்சிதர், பிறப்பு 1786. இக்குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார், அவர்தம் மைந்தர் ஆகியோரின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தது. முதலியார் குடும்பத்திற்குக் கும்பினியாரோடு தொடர்பு மிகுதி. ஆகவே செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் முழங்கிய ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசை தீட்சிதர் சகோதரர்களின் செவிகளிலும் விழுந்தது.

அதன் விளைவுகள் இரண்டு. முத்துசாமி தீட்சிதர் தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என வழங்கும் அவற்றுள் ஒன்று, ஆங்கிலேயர் தம் அரசரைக் காக்குமாறு இறைவனை வேண்டிப் பாடும் கீதத்தின் மெட்டில் அமைந்தது. கிறித்தவ நாட்டின் வேண்டுதல் மெட்டு, திருவாரூர் அந்தணரின் வாயில் வேறொரு வேண்டுதலாயிற்று. இளையவர் பாலுசாமியோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அதனை நம் இராகங்களுக்கு இசைவித்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியைக் காண்பதரிது. அக்கருவியை நம் இசைக்குள் கொணர்ந்த முன்னோடிகளுள் தலையாயவர் அவரே. அவர்தாம் பின்னர் எட்டயபுரம் அரண்மனையின் ஆஸ்தான வித்துவானாகிக் கரிசல் பூமியில் நிலைகொண்டார்.

தம்பியைக் காணும் பொருட்டு முத்துசாமி தீட்சிதரும் இப்பக்கம் வந்தார். வரும் வழியில் பயிர் கருகிக் கிடந்த நிலத்தையும் மக்களின் துயரையும் கண்டு அமிர்தவர்ஷிணி இராகத்தில் அவர் பாட, மழை பெய்தது என்பது செவிவழிச் செய்தி. வானியலார் இதனை ஒப்பார். ஆயினும் ஐப்பசி வரை வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் கரிசல் உழவர் நடுவே இக்கதை ஏன் இத்துணைக் காலம் உயிரோடிருக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்திலேயே அவர் மறைந்தார். அவரது சமாதி இன்றும் அவ்வூரில் உள்ளது.

நம் கதைத்தலைவர் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1839இல். இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை உலகிற்கு அளித்தவர் அவரை ஒருமுறையேனும் கண்டவரல்லர். அவர் பாடக் கேட்டவருமல்லர். சுப்பராமர் பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். ஆண் வாரிசில்லாத பாலுசாமி, சிறுவயதிலேயே அவரைச் சுவீகாரம் செய்துகொண்டார். பாட்டனாரே தந்தையும் ஆனார், ஆசிரியரும் ஆனார். வாய்ப்பாட்டு, வீணை, வடமொழி, தெலுங்கு ஆகிய யாவும் அவ்விளம் பருவத்திலேயே அமைந்தன.

பதினேழாம் வயதில் தர்பார் இராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றி அரசவையில் அரங்கேற்றினார் என்பர். இத்துணை முதிர்ச்சி இவ்விளைஞனுக்கு எங்ஙனம் வந்தது, பாட்டனார் செய்து கொடுத்தாரோ என்று அவையில் ஐயம் எழுந்ததாம். யமுனா இராகத்தில் ஒரு ஜதிசுரம் செய்யுமாறு அரசர் பணிக்க, அவ்வாறே செய்து காட்டிப் பரிசு பெற்றார். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் ஆஸ்தான வித்துவான் பதவி அவரை அடைந்தது. 1859இல் பாலுசாமி தீட்சிதர் மறைந்தார். அப்போது சுப்பராமருக்கு வயது இருபது.

அந்த இருபது வயது இளைஞரிடம் இருந்ததென்ன? முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் நூற்றுக்கணக்கில். வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் மரபும் அவற்றிற்குரிய கீதங்களும் தானங்களும். இவற்றுள் ஏட்டில் இருந்தவை சில. நெஞ்சில் இருந்தவை பல. ஏட்டில் இருந்தவற்றிலும் இசையின் உயிரான அசைவுகள் இல்லை. அவை பாட்டனாரின் விரலிலிருந்தும் மிடற்றிலிருந்தும் நேரே பெற்றவை. அவருக்கு ஒரு விடக்காய்ச்சல் வந்திருந்தால் போதும். அப்பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி மண்ணோடு போயிருக்கும்.

ஆனால் அவர் அதனை வெளியிட முனையவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அரண்மனையில் பாடியும் வீணை வாசித்தும் வர்ணங்கள், கீர்த்தனைகள், இராகமாலிகைகள் இயற்றியும் அமைதியாக வாழ்ந்தார். அக்கால வித்துவான்கள் தம் குடும்பத்துப் பாடாந்தரத்தைக் காணி போலக் கருதினர். பல்லாண்டு தொண்டு செய்த மாணவனுக்கே அது கிடைக்கும். தகுதியில்லாதார் கையில் சிக்கினால் சிதைந்துவிடும் என்பது அவர்தம் அச்சம். இதனைத் தன்னலம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அச்சில் வந்த பாடல்கள் பின்னாளில் பட்ட பாட்டை நோக்குமிடத்து அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று என்றே நாம் கருதுகிறோம்.

அவரது மனத்தை மாற்ற வந்தவர் ஒரு கிறித்தவர்.

ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னையில் வாழ்ந்த கத்தோலிக்கர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், அரசுத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றியவர். ஐரோப்பிய இசையிலும் கருநாடக இசையிலும் ஒருங்கே பயிற்சியுடையவர். நம் கீர்த்தனைகள் எழுத்தில் நிலைபெறாமல் அழிந்துகொண்டிருப்பது கண்டு அவர் உள்ளம் வருந்தியது. தியாகராச சுவாமிகளின் மாணவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் குடும்பத்தாரிடம் கீர்த்தனைகளைக் கேட்டு, அவற்றை ஐரோப்பிய ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பில் எழுதி, 1892-93 அளவில் மாத வெளியீடுகளாகத் தம் கைப்பொருளைச் செலவிட்டு வெளியிட்டார். சென்னைப் புதுப்பேட்டையில் அவர் நடத்திய அச்சகத்தின் பெயர் ஆவே மரியா. இராமபிரானைப் பாடிய தியாகராசரின் பாடல்கள், மரியன்னையின் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்தன! இதனை எவரும் விந்தையாகக் கருதியதாகத் தெரியவில்லை என்பதே நமக்கு விந்தையாக இருக்கிறது.

முதலியார் கையாண்ட அந்தச் சுரக்குறிப்பின் வேர் எங்குள்ளது என்பதைச் சற்று நோக்குவோம். அது கிறித்தவத் துறவு மடங்களில் பிறந்தது. தேவாலய வழிபாட்டில் பாடப்பட்ட சங்கீதங்களை மடத்துக்கு மடம் மாறாமல் பாடவேண்டும் என்பதற்காகத் துறவிகள் முதலில் எழுத்தின் மேல் சிறு குறிகளை இட்டனர். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி கோடுகளை வகுத்து ஒழுங்கு செய்தார். சுரங்களுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர்களும் புனித யோவான் மீது பாடப்பட்ட ஒரு துதிப்பாடலின் அடிகளின் முதலசைகளிலிருந்து அவர் எடுத்தவையே. அம்மடங்களில் பாடப்பட்டவற்றுள் தலையாயவை தாவீதின் சங்கீதங்கள். அவை யூதரின் வழிபாட்டிலிருந்து கிறித்தவம் பெற்ற செல்வம். யூத அறிஞர்களும் தம் வேதத்தை இசையோடு ஓதுதற்குரிய குறிகளை எழுத்தின் மேலும் கீழும் இட்டு வைத்தனர். தாவீது என அவர்கள் குறிப்பவர் நாம் தாவூத் நபி (அலை) எனப் போற்றுபவர். அவருக்கு அருளப்பெற்றது ஜபூர் வேதம் என்பது நம் மாணவர்க்குச் சொல்லாமலே தெரியும்.

பிற்கால ஐரோப்பியக் கலைப்பாடல்களிலும் இவ்விரு சமயங்களின் இழைகள் பின்னிக் கிடக்கின்றன. வியன்னாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து நூற்றுக்கணக்கான தனிப்பாடல்களுக்கு இசையமைத்த பிரான்ஸ் ஷூபர்ட், தம் வாழ்வின் இறுதியாண்டான 1828இல், அந்நகரத்து யூத ஆலயத்தின் பாடகர் சுல்ட்சருக்காகத் தொண்ணூற்றிரண்டாம் சங்கீதத்திற்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்துக் கொடுத்தார். மறு ஆண்டு, புகழ்பெற்ற யூதத் தத்துவ அறிஞர் ஒருவரின் பேரரும் ஞானமுழுக்குப் பெற்றவருமான மெண்டல்சன், மறக்கப்பட்டுக் கிடந்த பாஹ் என்பாரின் இயேசு பாடுகளின் இசையைப் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றினார். கிறித்தவ இசையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றைத் தூசி தட்டி எடுக்க யூதக் குடியில் பிறந்தவர் ஒருவர் வேண்டியிருந்தார்.

நம் நாட்டில் சின்னசாமி முதலியார் செய்யப் புகுந்ததும் அத்தகையதே. அவருக்கு முன்னரே தமிழ்க் கிறித்தவர் கருநாடக இசையைத் தமதாக்கியிருந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சரபோசி மன்னர் காலத்தில் இராக தாளங்களோடு கிறித்தவப் பாடல்களைப் புனைந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடினார். அவர்கள் தம் சமயத்திற்கோ எல்லாச் சமயத்திற்கும் பொதுவாகவோ பாடினர். முதலியார் பாடியவரல்லர். பிற சமயத்தார் பாடியதைக் காக்க வந்தவர். நம் மதிப்பில் இது சற்று உயர்ந்த படி.

தியாகராசரின் கீர்த்தனைகளோடு முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளையும் சேர்க்க விரும்பிய முதலியார், அவற்றின் மூலத்தைத் தேடிச் சுப்பராம தீட்சிதரை அணுகினார். தீட்சிதர் எளிதில் இணங்கவில்லை. முதலியார் விடவுமில்லை. இதற்கிடையே இடையறாத உழைப்பினால் முதலியாரின் கண்பார்வை குன்றியது, பொருளும் கரைந்தது, வெளியீடு நின்றது. வேறொருவராயின் இத்துடன் ஓய்ந்திருப்பார்.

1899ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் புதிய மன்னர் பட்டமேற்றார். அவ்விழாவிற்கு முதலியார், உடல்நலம் குன்றிய நிலையிலும் சென்னையிலிருந்து வந்தார். மதுரை - தூத்துக்குடி இருப்புப் பாதை கோவில்பட்டி, கடம்பூர் வழியாக அமைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் இரயிலடியிலிருந்து எட்டயபுரம் செல்ல மாட்டு வண்டியே துணை. அரசவையில் முதலியார் தமக்கென எதுவும் வேண்டவில்லை. தீட்சிதரிடமுள்ள இசைச்செல்வம் அவரோடு அழிந்துவிடலாகாது. அதனை நூலாக்க அரசர் ஆவன செய்தல் வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். அரசர் இசைந்தார். அறுபது வயதான தீட்சிதரும் இசைந்தார். எந்த வாதம் அவரை வென்றது என்று நாம் உறுதியாகச் சொல்லவியலாது. கண்ணொளி இழந்துகொண்டிருந்த ஒருவர், தம் சமயமுமல்லாத பாடல்களுக்காக அத்தனை தொலைவு வந்து நின்ற காட்சியைவிட வலிய வாதம் இருந்திருக்க முடியாது என்று எண்ணத் தோன்றுகிறது.

அதன்பின் சில ஆண்டுகள் அம்முதியவர் உழைத்த உழைப்பு அளவிடற்கரியது. நூலின் பெயர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தெலுங்கு மொழியில் அமைந்தது. அக்கால வித்துவான்களின் பொதுமொழி அதுவே. 1904இல் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்டது. எழுபத்திரண்டு மேளங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அதன் இலக்கணம், கீதம், தானம், கீர்த்தனை, தாம் இயற்றிய சஞ்சாரி என அடுக்கிச் சென்றார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் இருநூற்றுக்கு மேல். சாரங்கதேவர் முதலாகத் தம் காலம் வரையுள்ள இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் சேர்த்தார். பெரியவரின் நோட்டுசுர சாகித்தியங்களையும் அவர் விட்டுவிடவில்லை. கோட்டையிலிருந்து கேட்டெடுத்த மெட்டுகள் என்று ஒதுக்காமல், பின்னர் தாம் வெளியிட்ட தொடக்கப் பயிற்சி நூலில் இடமளித்தார். கடிகை மூக்குப் புலவரின் தமிழ்ப் பாடல்களும் பிரதர்சினியில் உள்ளன. உமறுப் புலவருக்குத் தமிழ் கற்பித்தவரும் எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகை முத்துப் புலவரே என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

இராகங்களின் பட்டியலைப் புரட்டும்போது உசேனி என்றும் நவரோஜ் என்றும் பெயர்கள் தென்படும். இவை பாரசீக நாட்டு இசையோடும் மொழியோடும் உறவுடைய பெயர்கள். எந்த வணிகர், எந்தப் பாணர் வழியாக வந்தனவோ! வேங்கடமகியின் மரபைக் காத்த தீட்சிதர் அவற்றிற்கும் உரிய இடத்தில் உரிய இலக்கணம் கூறிச் செல்கிறார்.

நூலின் தனிச்சிறப்பு அதன் குறியீடுகளில் உள்ளது. முதலியாரைப் போல ஐந்துகோட்டு முறையைத் தீட்சிதர் மேற்கொள்ளவில்லை. ச, ரி, க, ம என்னும் நம் சுர எழுத்துகளையே வைத்துக்கொண்டார். காலப் பிரமாணத்தைக் காட்டச் சுரங்களின் மேல் கோடிட்டார். கமகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி அமைத்தார். கம்பிதத்திற்கு ஓர் அலைக்கோடு. ஜாருவிற்கு ஏறியும் இறங்கியும் செல்லும் சாய்கோடு. நொக்கு, ரவை, ஒதுக்கல், ஓரிகை ஆகியவற்றிற்கும் அவ்வாறே. எழுத்தில் நிறுத்தவேண்டும் என்னும் எண்ணம் மேலைநாட்டு வழி வந்தது. எதை நிறுத்தவேண்டும் என்னும் அறிவு திருவாரூர் வழி வந்தது. ஐரோப்பியக் குறிப்பில் ஒரு சுரம் ஒரு புள்ளியாக நிற்கும். நம் இசையிலோ அசையாத சுரம் அரிது. அந்த அசைவை ஒரு சிற்றூர் அச்சகத்தின் ஈய எழுத்துகளில் வார்த்து, எழுத்தின் மேல் குறி பிசகாமல் கோத்து, மெய்ப்புத் திருத்தி முடிப்பதற்குக் கம்போசிட்டர்கள் எத்துணை வருந்தியிருப்பர் என்பதை, இம்மலரின் மெய்ப்பைத் திருத்தும் நாம் ஓரளவு உணர முடிகிறது.

இளைஞர் பாரதியார் எட்டயபுரம் அரண்மனையில் பணிபுரிந்ததும் 1902 முதல் 1904 வரை, இந்நூல் உருவாகிய அதே காலம். தீட்சிதரை அவர் நன்கறிவார். அரண்மனை வாழ்வில் மனம் ஒட்டாமல் வெளியேறிய அக்கவிஞர், அங்கே கண்டவருள் உளமார மதித்த சிலருள் தீட்சிதர் ஒருவர்.

1905இல் தொடக்கப் பயிற்சிக்கென ஒரு சிறுநூலையும் தீட்சிதர் வெளியிட்டார். பெருநூலை எழுதியவர் அரிச்சுவடியும் எழுதியது நமக்கு உவப்பளிக்கிறது. கல்லூரி ஆசிரியராகிய நம்மில் பலர் இதனைச் செய்ய நாணுவோம். 1906இல் அறுபத்தேழாம் வயதில் அவர் காலமானார். பாரதியார் பாடிய இரங்கற்பா அவர்தம் கவிதைத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. முதலியார் எட்டயபுரம் வந்து விண்ணப்பித்ததிலிருந்து தீட்சிதரின் மறைவு வரை ஏழே ஆண்டுகள். விண்ணப்பம் இன்னும் சில ஆண்டுகள் தாழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அவருக்குப் பின் மைந்தர் அம்பி தீட்சிதர் அம்மரபைச் சென்னைக்குக் கொண்டு சென்று, டி. எல். வேங்கடராம ஐயர், டி. கே. பட்டம்மாள் முதலியோர்க்குக் கற்பித்தார். சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டு நிறைவு செய்தது. தெலுங்கறியாத நம் மாணவரும் இன்று அதனைப் புரட்டலாம். ஆனால் புரட்டுவதோடு அமையாது. தஜ்வீது நூலைக் கையில் வைத்திருந்தாலும் உஸ்தாது முன் அமர்ந்து ஓதாமல் உச்சரிப்புத் திருந்தாது என்பதை மக்தபில் ஓதிய எவரும் அறிவர். தீட்சிதர் இட்ட அலைக்கோடும் அத்தகையதே. எவ்வளவு அசைக்கவேண்டும் என்பதை அக்கோடு சொல்லாது, பாடிக் காட்ட ஒருவர் வேண்டும். நூல் வெளிவந்த ஊரிலிருந்து ஒரு மணிப் பயணத் தொலைவிற்குள் வாழும் நம் இளைஞருள் யாரேனும் அப்படியொரு ஆசிரியரைத் தேடிச் செல்வாராயின், நூலின் முதல் மேளத்திலிருந்தே தொடங்கலாம்.